ட்ரூடோஸ் மலைக்கு ஏழு தாள்கள்

அபுதாபி
12-3-1978

அன்புள்ள ஜலஜாவுக்கு,

இத்துடன் ஏழு தாள்கள் வைத்திருக்கிறேன். மடிப்புகளில் கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள். டிரேசிங் பேப்பர் மடிப்பைத் தாங்காது என்று தெரிந்தும் வேறு வழி தோன்றவில்லை. ஒவ்வொரு தாளும் ஒரு நாள் நடை. காலையில் பிளாட்ரஸ் கிராமத்து விடுதியிலிருந்து கிளம்பினால் அன்றைக்கே திரும்பிவிடலாம். இரவு எங்கேயும் வெளியில் தங்க வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் என்ஜினீயர் ஒருவர் சைப்ரஸ் தீவில் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய பழைய வரைபடத்தை இரவல் வாங்கி, அதன்மேல் தாளை வைத்து எடுத்தேன். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் நான் வரைந்ததெல்லாம் தட்டை நிலம். ஒரு சம உயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பேட்டையையே கட்டிவிடலாம். இந்த வரைபடத்திலோ கோடுகள் தலைமயிர் மாதிரி நெருங்கிக் கிடக்கின்றன. உட்கார்ந்து வரையும்போதே எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

எல்லா நடையையும் விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கும்படி போட்டிருக்கிறேன். பதினொரு மணிக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும். ஜூன் மாதம் அல்லவா? இங்கே சைட்டில் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் டியூட்டி. வழியில் போட்டுக்கொள்ள உப்பு மாத்திரை, கழுத்தில் நனைத்துப் போடத் துணி, ஆளுக்கொரு குடை இவற்றை நான் கொண்டுவருகிறேன். உனக்குக் கான்வாஸ் ஷூ மட்டும் போதும்.

முதல் தாள் அருவிக்கு. இரண்டாவது மடாலயத்துக்கு. மற்றவை பைன் காட்டுப் பாதைகள். ஏழாவது ட்ரூடோஸ் மலையின் ஒலிம்பஸ் உச்சிக்கு. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நம் இருவருக்கும் அது ஆகுமா என்று எனக்குத் தெரியவில்லை. உச்சியில் ராணுவ வேலி வேறு இருக்கிறதாம்.

தவறு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. உன் பழக்கம்தானே.

உன்,
கல்யாணசுந்தரம்


திருச்சி
27-3-1978

அன்புள்ள உங்களுக்கு, ஜலஜா எழுதுவது.

திருத்திவிட்டேன். நூற்றுக்கு நாற்பத்தைந்து. படம் அழகு, காலநிலை பூஜ்யம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். எட்டாம் வகுப்பு பி பிரிவில் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். நீங்கள் அபுதாபி வெயிலைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு சைப்ரஸ் மலைக்குக் கிளம்புகிறீர்கள். உப்பு மாத்திரையாம்! நாம் என்ன கான்கிரீட் போடவா போகிறோம்?

மத்தியதரைக்கடல் காலநிலை: கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை, ஆலிவ், திராட்சை, ஆரஞ்சு. முப்பது வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதினேன். எழுதி எழுதி அந்த வரி என் கைக்கே மனப்பாடம். ஆலிவ் மரத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போன வருஷம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஆலிவ் இனிக்குமா புளிக்குமா?" என்று கேட்டாள். "உட்காரு" என்று அதட்டிவிட்டேன். எனக்குத் தெரியாது என்பதை வேறு எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம்தான் உங்களுக்கு எழுதினேன், ரிடையர் ஆனதும் நகை வேண்டாம், பட்டுப் புடவை வேண்டாம், அந்தத் தீவுக்குக் கூட்டிப் போங்கள் என்று.

வாசு பம்பாயிலிருந்து டிரங்க் கால் போட்டான். "அம்மா, இந்த வயசுல மலை ஏறி என்ன பண்ணப் போற? பழனிக்குப் போயேன், விஞ்ச் இருக்கு" என்கிறான். உங்கள் பிள்ளை, உங்கள் தைரியம்.

ஏழாவது தாளில் இருக்கும் கேள்விக்குறியை அழித்துவிடுங்கள். நான் அழிக்கமாட்டேன். போட்டவரே அழிக்க வேண்டும்.

ஜலஜா


அபுதாபி
10-4-1978

அன்புள்ள ஜலஜாவுக்கு,

சிவப்பு மை கிடைத்தது. ஆறரை டிகிரி விஷயம் எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நம்புவது வேறு. கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற காற்றுதான் எனக்கு ஜூன் மாதம். எதற்கும் இருக்கட்டும் என்று நாலு மணியை நாலரை ஆக்கி, தாள்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முசஃபா பக்கம் புதிதாக ஒர்க்‌ஷாப் வரிசை கட்டுகிறார்கள். எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிற வேலுச்சாமி தினமும் என்னை அங்கே கொண்டுபோய் விடுகிறான். சிவகங்கைப் பக்கத்து ஆள், வாய் மூடாது. நான் தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"காசு குடுத்து மலை ஏறப் போறீகளா சார்? எங்க ஊருல சாமிக்கு நேந்துக்கிட்டுத்தான் ஏறுவாக. நீக என்ன நேந்துக்கிட்டீக?"

"நான் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. என் சம்சாரத்துக்கு ஆசை."

"அப்ப அதேதான் சார், செய்யலைன்னா சாமி குத்தம் மாதிரி. போயிட்டு வந்துருங்க. யல்லா, கெளம்புங்க!"

மேனேஜரிடம் லீவு கேட்டாகிவிட்டது. சரி என்று தலையாட்டினார். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் ஆபீஸ் இரும்பு அலமாரியில்தான் இருக்கின்றன. அது இங்கே வழக்கம். கிளம்புவதற்கு முன்தினம் கொடுப்பார்கள். பஹ்ரைன் விமான நிலையத்தில் நான் உனக்காகக் காத்திருப்பேன். அங்கிருந்து இருவரும் ஒரே விமானத்தில் லார்னகா.

கேள்விக்குறி பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணசுந்தரம்


திருச்சி
24-4-1978

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளிக்கூடத்தில் நேற்று வழியனுப்பு விழா. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. டிக்கெட் கைப்பைக்குள் இருந்தது.

ஒரே ஒரு கேள்வி. மேனேஜர் தலையாட்டினார் என்று எழுதினீர்கள். லீவை எழுத்தில் வாங்கினீர்களா?

ஜலஜா


அபுதாபி
1-6-1978

அன்புள்ள ஜலஜாவுக்கு,

இது உன் கைக்கு வரும்போது நீ திருச்சிக்குத் திரும்பியிருப்பாய். பஹ்ரைன் விமான கம்பெனி கவுண்டருக்கு நான் அடித்த தந்தியைப் பார்த்திருப்பாய். அந்த மூன்று வரியை எழுத எனக்கு எத்தனை தாள் வீணாயிற்று என்று சொன்னால் சிரிப்பாய். இல்லை, சிரிக்கமாட்டாய்.

நடந்தது இதுதான். நேற்று பாஸ்போர்ட் வாங்கப் போனேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முசஃபா வேலையின் சொந்தக்காரர் வரைபடம் முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டாராம். "டிசம்பரில் போய்க்கொள்ளுங்கள், மிஸ்டர் சுந்தரம். மலை எங்கேயும் ஓடிவிடாது" என்றார்.

நான் "சரி சார்" என்றேன்.

எழுத்தில் வாங்கவில்லை. நீ கேட்டபோதே வாங்கியிருக்க வேண்டும். எழுத்தில் கேட்டால் அவரை நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்கினேன். அவர் என்ன நினைப்பார் என்பதை ஒன்பது வருஷமாக யோசித்த நான், நீ பஹ்ரைனில் தனியாக நிற்பதை அரை நிமிஷம் யோசித்திருக்கலாம்.

விடுதிக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். பத்திரமாக வீடு சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

கல்யாணசுந்தரம்


பிளாட்ரஸ், சைப்ரஸ்
4-6-1978

அன்புள்ள உங்களுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? இன்னொரு முறை பாருங்கள்.

பஹ்ரைனில் உங்களைத் தேடித் தேடிக் கண் வலித்தது. கவுண்டரில் இருந்த பெண் தந்தியைக் கொடுத்தாள். 'லீவு ரத்து. திரும்பிப் போகவும். கடிதம் தொடர்கிறது.' படித்துவிட்டு நின்றேன். அவள் நல்ல பெண். "மேடம், பம்பாய் விமானத்தில் இடம் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. மேனேஜர் மேல் கோபமில்லை. முதலாளி என்றால் அப்படித்தான். நீங்கள் "சரி சார்" என்று சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தந்தியில் அது இல்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

"லார்னகா விமானத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?" என்றேன்.

லார்னகாவிலிருந்து லிமசோல், அங்கிருந்து பகிர்வு டாக்ஸியில் மலை. எல்லாம் உங்கள் தாளில் எழுதியிருந்தபடியே இருந்தது. ஒரு திருப்பம்கூடப் பிசகவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. இவ்வளவு சரியாகப் போட்டுக் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறீர்களே!

கோபத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று முதல் நடையை உங்கள் கணக்குப்படியே நாலரை மணிக்குத் தொடங்கினேன். கதவைத் திறந்தேன். பல் கிட்டிவிட்டது. உடம்பு உப்பு மாத்திரையா கேட்டது? கம்பளிதான் கேட்டது. விடுதிக்கார அம்மாள் எலேனி, போர்வையோடு ஓடிவந்து வழியை மறித்தாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் இரண்டு தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி.

"மேடம், என்ன பிரச்னை? அறை சரியில்லையா?"

"இல்லை. நடக்கப் போகிறேன்."

"இப்போதா? ஆடுகூடத் தூங்குகிறது!"

திரும்பப் போய்ப் படுத்தேன். எட்டு மணிக்கு அவள் கொடுத்த ரொட்டியையும் செர்ரியையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அருவிக்குப் போனேன். தனியாகப் போனேன். திரும்பியும் வந்துவிட்டேன்.

ஜலஜா


அபுதாபி
10-6-1978

அன்புள்ள ஜலஜாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார்.

பயமாக இருக்கிறது. மூன்றாவது தாளில் ஓடைப் பாலம் என்று ஒரு குறி போட்டேன். அந்த வரைபடம் பழசு. பாலம் இப்போது இருக்குமோ இருக்காதோ. தயவுசெய்து மூன்றாவதை விட்டுவிடு. காட்டில் நாய்கள் உண்டா? எலேனி அம்மாளிடம் தினமும் எந்தப் பக்கம் போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ.

வேலுச்சாமியிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"டீச்சரம்மா தனியா மலையில நிக்கிது. நீக இங்கன கோடு போட்டுக்கிட்டு இருக்கீக. வெக்கமா இல்லையா சார்?"

"மரியாதையாகப் பேசு."

"மரியாதையாத்தான் சார் கேக்குறேன். மரியாதை இல்லாம கேட்டா வேற மாதிரி கேப்பேன்."

அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. பிறகு யோசித்ததில், அவன் மேல் கோபப்படுவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மேனேஜர் அறைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை, கையில் ஒரு வரைபடத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறை அவர் போனில் இருந்தார். மூன்றாம் முறை அறையில் யாருமில்லை. அவர் இல்லை என்றதும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். முயற்சி செய்கிறேன். வாக்குக் கொடுக்கமாட்டேன். நான் கொடுத்த வாக்கின் லட்சணம் உனக்குத் தெரியும்.

கல்யாணசுந்தரம்


பிளாட்ரஸ்
11-6-1978

அன்புள்ள உங்களுக்கு,

உங்களிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டாவது தாள், மடாலயம். ஆயிற்று. வாசலில் ஒரு தாடிக்காரச் சாமியார் என் புடவையையும் கான்வாஸ் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீரும் வாதுமைப் பருப்பும் கொடுத்தார். மூன்றாவது தாளில் பாலம் போட்டிருந்தீர்களே, அது கிடையாது. இரண்டு கல் தூண்தான் மிச்சம். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கத்தி மாதிரி இருந்தது. அக்கரையில் ஏறி உட்கார்ந்து, யாரும் இல்லாத காட்டில் சத்தமாகச் சிரித்தேன். திருச்சியில் அப்படிச் சிரித்தால் ஆள் வந்து விசாரிப்பார்கள். நாலாவதும் ஐந்தாவதும் முடிந்தன. பைன் மரத்துப் பிசின் விரலில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது.

ஆலிவ் சாப்பிட்டேன். மரத்திலிருந்து இல்லை, எலேனி ஜாடியில் ஊறப் போட்டது. இனிக்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை. கசப்பு, உப்பு, பிறகு என்னமோ ஒன்று. அந்தப் பெண்ணுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் உங்கள் தாளை மேஜையில் விரித்து, நடந்த வழியைப் பார்க்கிறேன். ஒரு வளைவில் நீங்கள் பேனாவைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்திருப்பது தெரிகிறது. 'இங்கே செங்குத்து, ஜலஜா மெதுவாக' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கே மெதுவாகத்தான் போனேன். கோடு போட்டவர் ஓர் ஊரில், கோட்டின்மேல் நடப்பவள் இன்னோர் ஊரில். எனக்கு இது பிடிக்கவில்லை. நம் குடித்தனமே ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஆறாவதை நாளை முடிப்பேன். ஏழாவதை இருபத்தோராம் தேதி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் இருவரும் போகலாம். வராவிட்டால் நான் மட்டும் போவேன். ஆனால் அப்படிப் போய்விட்டு வந்தபிறகு உங்கள் அடுத்த லீவும் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். உங்களிடம் இனிமேல் எதையும் கேட்கமாட்டேன். இது கோபமில்லை. கோபமாக இருந்தால் இவ்வளவு நிதானமாக எழுத வராது.

ஜலஜா


பஹ்ரைன் விமான நிலையம்
20-6-1978

அன்புள்ள ஜலஜாவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குழறிவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றே மேனேஜர் அறைக்குப் போனேன். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, "என்ன, மிஸ்டர் சுந்தரம்?" என்றார். நான், "பாஸ்போர்ட், சார்" என்றேன். "அதைப் பற்றித்தான் பேசிவிட்டோமே" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

வழக்கமாக அந்த இடத்தில்தான் நான் "சரி சார்" என்பேன். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. திரும்பி நடக்கலாம் என்றால் காலும் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜலஜா, ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. வரைபடத்தை விரித்துக்கொண்டு நிற்பதுதான் என் இடம். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேறு ஏதாவது?"

"இல்லை, சார். அதே பாஸ்போர்ட்தான்."

அவர் ஏதோ கையெழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது, பேசினார். நான் உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டுவந்தவன் என்னைப் பார்த்து மிரண்டு, எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போனான். குடித்தேன். "உங்கள் மேஜையில் வேலை இல்லையா?" என்று கேட்டார். "முடித்துவிட்டேன், சார். மாற்றச் சொன்ன பத்துத் தாளும் உங்கள் இடப்பக்கம் இருக்கின்றன" என்றேன். பிளாட்ரஸிலிருந்து உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் வராமல் வேலைதான் செய்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நல்லவேளை, ஒன்றும் இல்லை.

சட்டைக்குள் வியர்வை ஆறாக ஓடியது, ஏர் கண்டிஷன் அறையில். எழுந்துவிடு எழுந்துவிடு என்று முழங்கால் இரண்டும் கெஞ்சின. கடைசியில் அவர் சிரித்தாரா, அலுத்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அலமாரிச் சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டார். "இந்த மனிதருக்கு இவருடைய பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். ஒரு வாரம். கலாஸ், அவ்வளவுதான்!"

வெளியே வேலுச்சாமி வேனில் இருந்தான். பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"அடி சக்கை! அடிச்சுப் புடுங்கிட்டீகளா சார்?"

"இல்லை. உட்கார்ந்தேன்."

"உக்காந்தீகளா? அம்புட்டுத்தானா? நான் பத்து வருசமா வண்டியில உக்காந்தேதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் குடுக்கலையே!"

பஹ்ரைனில் ஒரு ராத்திரி தங்கித்தான் வர முடிகிறது. இருபத்தொன்று காலை வந்துவிடுவேன்.

*

பிளாட்ரஸ், 21-6-1978, காலை பத்து.

நீ கிளம்பிவிட்டாய். ஏழு மணிக்கே போய்விட்டாய் என்று எலேனி அம்மாள் சொல்கிறார். மேலே ட்ரூடோஸ் சதுக்கம் வரை டாக்ஸி உண்டாம். அதில் போய், அங்கிருந்து நடக்கிறேன். இந்தக் கடிதத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். வழியில் எங்காவது நான் உட்கார்ந்துவிட்டால் அது முழங்காலின் குற்றம். மனசுக்கு அதில் பங்கு இல்லை.


திருச்சி
9-7-1978

அன்புள்ள உங்களுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். வாசு பம்பாயில் என் ஷூவைப் பார்த்தபிறகு பழனிப் பேச்சை எடுக்கவே இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுத வேண்டும். மலையில் உங்களைப் பார்த்ததும் நான், "வந்துவிட்டீர்களா? காத்துக்கொண்டிருக்கிறேன்" என்றேனே. அது பொய்.

சதுக்கத்திலிருந்து காட்டுப் பாதையில் ஏறும்வரை வெயில் பளீரென்று இருந்தது. பாதி வழியில் மேகம் வந்தது. வந்தது என்றால், மலையோடு சேர்த்து என்னையும் மூடிவிட்டது. இடி இடித்தது. கோடையில் வறட்சி என்று முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவள் தலையில் ஜூன் மாதம் மழை விழுகிறது! எனக்கு எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியவில்லை. தாளை எடுத்தேன். நனைந்து கையோடு கூழாகிவிட்டது. பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே இறங்கிவிடுவது என்று முடிவு செய்து, வந்த வழி என்று நினைத்த பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. தோற்றுப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீங்கள் தெரிந்தீர்கள். ஆபீஸ் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டு, டை கட்டி! பனிமூட்டத்துக்குள் யாரோ ஆபீஸுக்குப் போவது மாதிரி ஒரே சீராக ஏறி வந்தீர்கள். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. என்னைப் பார்த்ததும் திட்டுவீர்கள், அழுவீர்கள், ஏதாவது செய்வீர்கள் என்று நினைத்தேன். "இங்கிருந்து இடப்பக்கம் வளையும். பிறகு கொஞ்சம் சமதரை. வா" என்றீர்கள்.

"தாள் போயிற்று" என்றேன்.

"போகட்டும். எத்தனை தடவை வரைந்தேன் தெரியுமா?"

முன்னால் நடந்தீர்கள். இடப்பக்கம் வளைந்தது. பிறகு சமதரை. ஒரு பாறை வரும் என்றீர்கள், வந்தது. அந்த மலையில் நீங்கள் முதல் தடவை கால் வைக்கிறீர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நம் கல்யாணம் ஆனதிலிருந்து நான் முன்னால் போய், நீங்கள் பின்னால் வந்துதான் பழக்கம். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பது நன்றாக இருந்தது.

வேலிக்கு அருகில் அந்தச் சிப்பாய், "இதற்கு மேல் அனுமதி இல்லை, சார்" என்றானே, நீங்கள் திரும்பிப் பின்னால் பார்த்தீர்கள், யாரைச் சார் என்கிறான் என்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் மேகம் கிழிந்தது உங்களுக்கே தெரியும். தெற்கே வெள்ளையாய் அந்த உப்பு ஏரி, அதற்கப்பால் கடல். வடக்கே திரும்பினால் இன்னொரு கடல். நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு தீவு எனப்படும் என்று எத்தனை ஆயிரம் பெண்களை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்! ஒரே இடத்தில் நின்று இரண்டு புறத்தைப் பார்த்துவிட்டேன். மற்ற இரண்டையும் நம்புகிறேன். நீங்கள் அங்கே நின்று "ஜலஜா!" என்று கத்தினீர்கள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். கத்த வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. சிப்பாய்கூடத் துப்பாக்கியைத் தடவினான்.

அங்கேயே கேட்டிருக்க வேண்டும். இறங்கும்போது பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இனிமேல் எதையும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன், நீங்கள் வராவிட்டால். வந்துவிட்டீர்கள். அதனால் கேட்கிறேன். ஆகஸ்டில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறீர்களா?

ஜலஜா


அபுதாபி
22-7-1978

அன்புள்ள ஜலஜாவுக்கு,

உன் பொய்யை மன்னிக்க ஒன்றுமில்லை. நானும் சதுக்கத்தில் டாக்ஸியை விட்டு இறங்கியதும், அதே டாக்ஸியில் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். டாக்ஸிக்காரர் சட்டென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு உன் துணிச்சல், எவ்வளவு என் துணிச்சல், எவ்வளவு அந்த டாக்ஸிக்காரரின் அவசரம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏறினோம். அதை யாரும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.

கேட்டதற்குப் பதில்.

இன்று காலை மேனேஜர் ஒப்பந்தத் தாளை மேஜையில் வைத்தார். இரண்டு வருஷம், கூடுதல் சம்பளம், இனிமேல் லீவு எழுத்தில். அவர் நல்ல மனிதர்தான், ஜலஜா. இத்தனை நாள் நான் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? நன்றி சொன்னேன். பிறகு, "எனக்கு வேண்டாம், சார். ஆகஸ்டோடு ஊருக்குப் போகிறேன்" என்றேன். இந்தத் தடவை வாக்கியம் முழுதாக வெளியே வந்துவிட்டது.

"அங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"நடப்பேன்" என்றேன். "என் மனைவியோடு."

அவர் எழுந்து கை கொடுத்தார். இரும்பு அலமாரியைத் திறக்கச் சொல்லி, பாஸ்போர்ட்டை அப்போதே என் கையில் வைத்தார்.

சாயங்காலம் முசஃபாவிலிருந்து திரும்பும்போது வேலுச்சாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"என்ன சார், கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாயிற்று."

"எத்தன வருசத்துக்கு?"

"ராஜினாமாவில் போட்டேன்."

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நேரானது. "நெசமாவா சார்? டீச்சரம்மாட்டயா போறீக?" என்றான். ஆமாம் என்றேன். இந்த ஊரில் கல்யாண ஊர்வலத்தில் கார்க்காரர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டே போவார்கள். அவனும் ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். எடுக்கவே இல்லை. எதிரே வந்த லாரிக்காரர்கள், என்ன விசேஷம் என்று தெரியாமலேயே, பதிலுக்கு அடித்தார்கள். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். பின் சீட்டில் ஒரு கிழவனைத் தவிர யாரும் இல்லை. ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.

உன்,
கல்யாணசுந்தரம்